குவாரிப் பாறையின் மருமகள்

எங்கள் ஆபீஸ் ஜீப்பில் இரண்டாவது கியர் விழாது. முதல் கியரிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவ வேண்டும். பதினாறு வருஷமாக நானும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே இருப்பவர்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வண்டியில்தான் கழுகுக் குஞ்சுகளை ஏற்றி இறக்குகிறேன். டீக்கடையில் இதைச் சொன்னால் ஒரே சிரிப்பு. ஏன்யா, கழுகுக்கு இறக்கை இல்லையா, நீ வேற சொகுசாக வண்டியில் கூட்டிப் போகிறாயா என்பார்கள். இறக்கை இருக்கிறது, போக வழிதான் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உங்களுக்காக இன்னும் ஒரு தடவை சொல்கிறேன்.

எங்கள் மலையில் மொத்தமே பதினோரு கழுகுகள். வடக்கு மலையில் பதினெட்டு. ஒரு காலத்தில் இரண்டுக்கும் நடுவில் காடு இருந்தது. இறக்கை முளைத்த இளசுகள் இங்கிருந்து அங்கே போகும், அங்கத்துப் பெண் இங்கே வந்து குடித்தனம் பண்ணும். இப்போது நடுவில் தொழிற்சாலையும் ரோடும் கண்ணுக்கெட்டிய தூரம் மின்கம்பியும்தான். தாண்டிப் போகலாம் என்று கிளம்பியவற்றில் பலதை நானே கம்பத்தடியில் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அதனால் எங்கள் மலையில் மிச்சமிருப்பவை எல்லாம் அக்கா தம்பி, பெரியப்பன் மகள், சித்தப்பன் மகன். பெண் கொடுக்க எடுக்க வெளியே ஆளில்லாமல் பங்காளிக்குள்ளேயே சம்பந்தம் பண்ணிக்கொண்டு கிடக்கின்றன. முட்டை இடும், பொரியாது. தப்பித் தவறிப் பொரிந்தாலும் குஞ்சுக்குக் கால் சூம்பியிருக்கும். ஒரே மாதிரிக் குறை தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்குவார்.

டாக்டரம்மா என்றால் எங்கள் ஆபீசுக்குத் தலைவர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஆடு மாடு பார்க்காமல் கழுகு பார்க்க வந்தவர். அவர் கண்டுபிடித்த வழி இது. கழுகு இரண்டு முட்டை இடும். முதலில் பொரிந்தது இரண்டாவதைக் கொத்தியே கொன்றுவிடும். பார்க்கக் கொடுமைதான், ஆனால் அதுகளுக்கு அது வழக்கம். எப்படியும் சாகப்போகிற அந்த இரண்டாவது குஞ்சை எடுத்து, அங்கத்ததை இங்கேயும் இங்கத்ததை அங்கேயும் மாற்றவேண்டியது. முட்டை கெட்டுப்போன கூட்டில் வைத்துவிட்டால் அங்கே உட்கார்ந்திருக்கும் கழுகு சொந்தப் பிள்ளையாகவே வளர்த்துவிடும். வளர்ந்து இங்கேயே ஜோடி சேர்ந்தால் வெளி ரத்தம் உள்ளே வந்துவிடும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவையாகச் செய்தோம்.

பாறையில் இறங்கிக் கூட்டைத் தொட எங்களிடம் இருப்பது ஒரே ஆள். நாங்கள் அவருக்கு வைத்த பேர் கயிறு. முன்பு உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளை வெளிப்பக்கமாகத் தொங்கித் துடைத்துக்கொண்டிருந்தவர். பேச்சு குறைவு. காலையில் வந்ததும் கயிற்றை முழுக்கத் தரையில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் விரலாக நீவிப் பார்ப்பார். நூறு மீட்டர் கயிறு. அந்த ஒரு மணி நேரம் டாக்டரம்மாவே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அவர் சம்சாரம் என்னை அண்ணே என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மாப்பிள்ளை முறை.

அந்தத் தங்கச்சிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாண்டரியில் வேலை. வருகிற துணிக்கெல்லாம் மூலையில் கலர் நூலால் அடையாளம் தைப்பது அவள் பொறுப்பு. பச்சை இரண்டு தையல் என்றால் இன்ன வீடு, மஞ்சள் மூன்று என்றால் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி என்று எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். கொதிக்கிற தொட்டியில் நூறு வீட்டு விரிப்பும் ஒன்றாகச் சுற்றி வெளியே வந்தால், ஆவியில் முகம் வேர்த்து வழிய வழிய, ஒன்றுகூட மாறாமல் பிரித்து அடுக்கிவிடுவாள். இருபது வருஷத்தில் ஒரு தலையணை உறைகூட வேறு வீட்டுக்குப் போனதில்லை.

முதல் தடவை குஞ்சு மாற்றியபோது அவள் வீட்டுச் சமையலறைதான் எங்களுக்குக் குழந்தைகள் வார்டு. எங்கள் மேற்குப் பாறைக் குஞ்சு ஒன்று, நான் வடக்கு மலையிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிக் கொண்டுவந்த குஞ்சு ஒன்று. இரண்டும் வெள்ளைப் பஞ்சு உருண்டை. பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அந்த வயசில் அடையாள வளையம் போட்டால் காலிலிருந்து கழன்றுவிடும். டாக்டரம்மா நகப்பூச்சு தடவிப் பார்த்தார். இறைச்சி ரத்தத்தைத் துடைக்கும்போது அதுவும் போய்விட்டது. நூல் கட்டலாமே டாக்டரம்மா, எங்கள் லாண்டரியில் அப்படித்தானே செய்கிறோம் என்று தங்கச்சிதான் சொன்னாள். நம்மதுக்குச் சிவப்பு, வடக்குக்கு நீலம். டாக்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் சிவப்பு நூல்காரனை நான் வடக்குக்கு ஓட்டிப் போனேன். நீல நூல்காரியைக் கயிறு பையில் போட்டுக்கொண்டு குவாரிப் பாறையில் இறங்கி அங்கிருந்த கிழட்டு ஜோடியின் கூட்டில் வைத்தார். அது பிழைத்தது, பறந்தது. பெற்றது இரண்டும் பையன்களாய்ப் போன மனுஷனுக்கு, கூட்டில் வைத்த அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பையன்களுக்குக் கல்யாணம் ஆகும் முன்னாலேயே எனக்கு மருமகள் வந்துவிட்டாள் என்று டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பேசாத மனுஷன் அன்றைக்கு மட்டும் வாயை மூடவே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கழுகுக்கு மருமகள் என்றே பேர் ஆகிவிட்டது. கிழட்டு ஜோடி போனபிறகு அதே பாறையில் அவளே குடித்தனம் வைத்தாள். மேற்குப் பாறையில் பிறந்த ஒருவன் வந்து சேர்ந்தான்.

குடித்தனம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைதான் இல்லை. முதல் வருஷம் ஒரு குஞ்சு பொரிந்து பத்தாம் நாள் செத்தது. அதன்பிறகு ஐந்து வருஷமாக முட்டைகள் பொரியவே இல்லை. இந்த வருஷமும் கயிறு இறங்கி, முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்து, உள்ளே உயிரில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் திட்டத்தை மேற்பார்வை பார்க்கிற கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் படித்தார். வெளி ரத்தம் கொண்டுவந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது, வந்தவளுக்கும் முட்டை பொரியவில்லை, ஆகவே கோளாறு உறவில் இல்லை, மலையில்தான் ஏதோ இருக்கிறது. ஆகையால் இந்த மலைத் திட்டத்தை மூடிவிட்டு, இருக்கிற பதினோரு கழுகுகளையும் பிடித்துக் கூண்டில் வைத்து வளர்ப்பது நல்லது. முடிவெடுக்க மாதக் கடைசியில் நேரில் வருகிறோம். இதுதான் விஷயம். உதிர்ந்த இறகுகளை ஒவ்வொரு கூட்டடியிலும் பொறுக்கி ஆய்வுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள், மருமகளுடையதைத் தவிர. அவள் எங்கிருந்து வந்தவள் என்பதுதான் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறதே, அவளுடையது எதற்கு என்று விட்டிருந்தார்கள்.

கயிறு மறுநாள் காலை தன் கயிற்றை விரித்துப்போட்டு நீவினார், பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. கொண்டுவருகிற ரொட்டியை அப்படியே சுற்றித் திருப்பிக் கொண்டுபோவார். வேலை போய்விடும் என்ற கவலை இல்லை அவருக்கு. கண்ணாடி துடைக்கக் கூப்பிட இன்றைக்கும் ஆள் இருக்கிறது. தன் கையால் கூட்டில் வைத்த ஒன்றைத் தன் கையாலேயே பிடித்துக் கூண்டில் அடைக்க வேண்டுமே, அதுதான்.

அந்த வாரம் ஆபீஸ் திரைச்சீலைகளை எடுக்க லாண்டரிக்குப் போனேன். வெளியே மழை சாத்திக்கொண்டிருந்தது. மூட்டையை ஜீப்பில் வைத்துப் பிரித்துப் பார்த்தால் மேலாக இரண்டு ஆஸ்பத்திரித் தலையணை உறைகள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்ப உள்ளே போய், என்ன தங்கச்சி, எங்க ஆபீஸ்ல யாரும் படுத்துத் தூங்குறதில்ல, அப்படியே தூங்கினாலும் தலையணை கேக்கிறதில்ல என்று கிண்டலாகத்தான் நீட்டினேன். அவள் உறையின் மூலையைப் புரட்டி மஞ்சள் நூலைப் பார்த்தாள். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டாள். இஸ்திரிப் பெட்டிக்காரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, பாலத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினேன்.

கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் துடைப்பான் போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு ஆரம்பித்தாள்.

"மொத தடவை குஞ்சு மாத்தினோமே, அப்ப நாலாம் நாள் காலையில பார்த்தா ரெண்டு குஞ்சுக்கும் கால் வீங்கியிருந்துச்சு அண்ணே. வளர்ற காலு, நூல் இறுக்கிடுச்சு. ஒண்ணை முடிச்சிட்டுத்தான் இன்னொண்ணைத் தொடணும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாங்க. வலியில கத்துதுங்களேன்னு நான் ரெண்டு நூலையும் ஒரேயடியா வெட்டிட்டேன்."

அதுவரை பரவாயில்லை என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"பெட்டி ரெண்டும் நாத்தம். கழுவிடலாம்னு ரெண்டையும் துணி அலசுற தொட்டியில விட்டேன். அப்ப வீட்டுல இருந்தது ஒரே தொட்டி. இந்தப் பக்கம் நம்மது, அந்தப் பக்கம் வடக்கு, நடுவுல துண்டைச் சுருட்டி வெச்சேன். கழுவிட்டுத் திரும்புறதுக்குள்ள துண்டைத் தாண்டிப் போயி ஒண்ணை ஒண்ணு கொத்திக்கிட்டுக் கெடக்குதுங்க. பதறிப்போய் ரெண்டு கையிலயும் பிரிச்சுத் தூக்கினேன். தூக்கினப்புறம் பார்க்குறேன், எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரியல."

"அப்புறம் எப்படிம்மா கட்டினே?"

"எது அதிகமா கத்துச்சோ அதுக்குச் சிவப்பு கட்டினேன். நம்ம மலைக் கழுகுக்குத்தான் சத்தம் ஜாஸ்தின்னு தோணுச்சு."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நம்ம ஊர் ஆள் என்றால் கத்துவான் என்று குஞ்சுக்குக்கூடக் கணக்குப் போட்டிருக்கிறாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லத்தான் நினைத்தாளாம். அன்று சாயங்காலமே டாக்டரம்மா வந்து நூலைப் பார்த்து, உன்னால்தான் இது நடந்தது என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். மறுநாள் கூட்டில் வைத்துவிட்டு வந்த புருஷன் வாசலிலேயே மருமகள் வந்தாச்சு என்று கத்தினாராம். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டமாகிவிட்டது. சரியாகவும் கட்டியிருக்கலாம் இல்லையா, பாதிக்குப் பாதி என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

"கொண்டுவந்த மருமகளாலயும் ஒண்ணும் ஆகலன்னுதானே அண்ணே மலையை மூடுறாங்க? அவ மருமகளே இல்லன்னா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாறிப்போயிருந்தால், குவாரிப் பாறையில் இருப்பவள் வடக்கிலிருந்து வந்தவளே இல்லை. மேற்குப் பாறையில் பிறந்த எங்கள் வீட்டுப் பெண். அவளோடு ஜோடி சேர்ந்தவன் அதே மேற்குப் பாறையில் பிறந்த கூடப்பிறந்த தம்பி. முட்டை எப்படிப் பொரியும்? வெளி ரத்தம் வந்தும் பலனில்லை என்று கமிட்டி எழுதியதற்கு அர்த்தமே கிடையாது. வெளி ரத்தம் வரவே இல்லையே.

எனக்கு உடனே குறுக்குப் புத்திதான் வேலை செய்தது. மருமகளின் இறகு ஒன்றைப் பொறுக்கி வேறு ஏதாவது கூட்டின் உறையில் போட்டு அனுப்பிவிடுவோம், ஆய்வுக்கூடமே கண்டுபிடித்துச் சொல்லிவிடும், உன் பேர் எங்கேயும் வராது என்றேன். நல்ல யோசனை என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு தடவை மாத்தி வெச்சது போதும் அண்ணே. வண்டியை ஆபீசுக்கு விடுங்க."

டாக்டரம்மாவின் அறை சின்னது. ஒரு மேஜை, ஜன்னலோரம் தொலைநோக்கி, சுவர் முழுக்கக் கழுகுகளின் வம்ச வரைபடம். அதில் குவாரிப் பாறைக்கு நேரே நீல மையில் ஒரு கோடு வெளியிலிருந்து உள்ளே வரும். மலைக்கு அந்த வரைபடத்தில் இருந்த ஒரே நீலக் கோடு அது. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, அவரையும் கூப்பிடுங்க, ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை என்றாள். கயிறு வந்து கதவோரம் நின்றார். என்னிடம் சொன்னதையே, அதே வரிசையில், ஒன்றையும் விடாமல் சொன்னாள். அதிகம் கத்திய குஞ்சுக்குச் சிவப்பு கட்டினதைக்கூட விடவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுவரில் இருந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறுதான் கேட்டார்.

"பதினோரு வருஷமாவா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும்போது கயிறு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். முழங்கால் வரை சேறு. கிழக்கு வெளுக்கும்போதே குவாரிக்கு நடந்து போயிருக்கிறார். ஒரு காகித உறையை என் கையில் கொடுத்தார். உள்ளே நீளமான பழுப்பு இறகு ஒன்று. உறைமேல் தன் கையெழுத்தில் "குவாரிப் பாறை, பெண்" என்று எழுதியிருந்தார். மருமகள் என்று எழுதவில்லை. அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். பதில் வரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் எங்களுக்கு வேறு ஒரு கவலை. குவாரிப் பாறையில் முட்டை பொரிய வேண்டிய நாள் கடந்துபோயிருந்தது. செத்த முட்டைமேல் கழுகு கொஞ்ச நாள் கூடுதலாக உட்காரும், பிறகு வெறுத்து எழுந்து போய்விடும். எழுந்துவிட்டால் அந்தக் கூட்டில் இந்த வருஷம் எதையும் வைக்க முடியாது. டாக்டரம்மா ஒருபக்கம் வடக்கு மலைக்கு எழுதி இரண்டாவது குஞ்சு ஒன்று வேண்டுமென்று கேட்டுவைத்தார். இன்னொருபக்கம் நானும் அவரும் முறைவைத்துத் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பனி மூடினால் பாறையே தெரியாது. பனி விலகும்வரை நான் தொலைநோக்கியை விட்டு நகர மாட்டேன். விலகினால் அவள் தலை தெரியும். அப்பாடா என்று டீ குடிப்பேன்.

கயிறு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சே இல்லை. அவர் டீக்கடையில் சாப்பிட்டார். அவள் லாண்டரியில் சாப்பிட்டாளோ இல்லையோ, தெரியாது. ஐந்தாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. குவாரித் தரையில் உட்கார்ந்து கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய், உங்களுக்கு என்ன கழுகு மாறினதுதான் பெரிசாகப் போய்விட்டதா என்று சத்தம் போட்டேன். அவர் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார்.

"கழுகு மாறினா மாறிட்டுப் போவுது. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

"எப்படி மாப்பிள்ளை சொல்லுவா? நீங்கதான் மருமக வந்தா, மருமக வந்தான்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்தீங்களே. வருஷத்துல ஒரு நாள்தான் வாயைத் திறக்குறீங்க. அன்னைக்குப் போய் உங்க வாயை அடைக்க எந்தப் பொண்டாட்டிக்கு மனசு வரும்?"

அவர் எண்ணெய் போட்ட கொக்கிக்கே மறுபடி எண்ணெய் போட்டார். அன்று மாலை அவர் டீக்கடைக்கு வரவில்லை என்று கவனித்தேன். வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். பேசினாரா என்று மறுநாள் தங்கச்சியிடம் கேட்டேன். பேசவில்லை, ஆனால் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார் என்றாள்.

கமிட்டி வந்த அன்றுதான் ஆய்வுக்கூடத்துப் பதிலும் வந்தது. மூன்று பேர், மூன்று பேருக்கும் சேறு படாத ஷூ. டாக்டரம்மா தாளைப் படித்தார். குவாரிப் பாறைப் பெண் மேற்குப் பாறை ஜோடியின் மகள். அவளும் அவள் ஜோடியும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். வடக்கு மலை ரத்தம் எங்கள் மலையில் ஒரு துளிகூட இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பாதிக்குப் பாதி என்று அவள் வைத்திருந்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

கமிட்டியில் ஒருவர், இவ்வளவு பெரிய தவறுக்கு யார் பொறுப்பு, குஞ்சு மாற்றிய ரிஜிஸ்டரில் யார் கையெழுத்து என்று ஆரம்பித்தார். என் கையெழுத்து என்று கயிறு முன்னால் வந்தார். அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது, இரண்டு குஞ்சை ஒரே வீட்டில் வைக்கச் சொன்னதே நான்தான் என்று டாக்டரம்மா எழுந்தார். விளக்கம் எழுதித் தருகிறேன், தண்டனை கொடுப்பதானால் கொடுங்கள் என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

"ரத்தம் மாத்திப் பார்த்தும் பலிக்கலன்னு எழுதியிருக்கீங்க. நாங்க இன்னும் மாத்தவே இல்லைங்க. இந்த அம்மா வாயைத் திறக்கலன்னா நீங்களும் நானும் சேர்ந்து பொய்க் கணக்கை நம்பி இந்த மலையை மூடியிருப்போம். ஒரு தடவை ஒழுங்கா செஞ்சு பார்க்க விடுங்க."

வெளியே போய் மூவரும் அரைமணி நேரம் பேசினார்கள். மூன்று வருஷம் அவகாசம் என்று சொல்லிவிட்டு, எங்கள் ஆபீஸ் டீயைக் குடிக்காமலே கிளம்பினார்கள். குடிக்காததும் நல்லதுதான், அந்த டீ எனக்கே இறங்காது. டாக்டரம்மா ஸ்டூலில் ஏறி, சுவரில் இருந்த நீலக் கோட்டை அழித்தார். அழித்துவிட்டு என்னிடம், உடனே வடக்குக்குக் கிளம்புங்கள், குஞ்சு பொரிந்துவிட்டது என்றார்.

போக ஐந்து மணி, வர ஐந்து மணி. வெந்நீர்ப் பாட்டிலுக்குத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் நத்தை மாதிரி ஊர்ந்து வந்தேன். எங்கள் மேற்குப் பாறையிலும் இந்த வருஷம் இரண்டாவது குஞ்சு ஒன்று பொரிந்திருந்தது. அதைக் கயிறு எடுத்துவந்திருந்தார். மாற்றுவதற்கு முன்னால் இரண்டையும் மூன்று நாள் வைத்துத் தேற்ற வேண்டும். யார் வைத்துக்கொள்வது என்று நான் கேட்டேன். அதே வீடுதான், அதே ஆள்தான் என்றார் டாக்டரம்மா. தங்கச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, என்னால் முடியாது, இனிமேல் நான் தொட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். நான் குஞ்சுப் பெட்டியோடு அவர்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.

அப்போது கயிறு உள்ளே வந்தார். இரண்டு கையிலும் புதுப் பிளாஸ்டிக் தொட்டிகள், கடைக்காரர் ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பைச் சமையலறை அடுப்போரம் வைத்தார். நீலத்தை எடுத்துப்போய் முன்னறையில் வைத்துவிட்டு, நடுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு பெண்டாட்டியோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சிவப்பு நம்மது, நீலம் வடக்கு. ரெண்டையும் நீதான் பார்க்கணும். நான் தொட மாட்டேன்."

அவள் தொட்டியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாளும் லாண்டரிக்கு லீவு. முயல் இறைச்சியை எலும்பு நீக்கி, விரல் நுனி அளவுக்கு நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து இடுக்கியால் ஊட்டினாள். ஒரு குஞ்சை முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கதவைத் திறந்து, திரும்பச் சாத்தி, அதன்பிறகுதான் அடுத்தது. தினம் காலையில் நூலை அவிழ்த்துத் தளர்வாகப் புதிது கட்டினாள். டாக்டரம்மாவும் வந்து இரண்டு குஞ்சுகளிடமும் ஒரு துளி ரத்தம் எடுத்து அனுப்பிவைத்தார். இனி சந்தேகத்துக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு, தங்கச்சி கொடுத்த முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாலாம் நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. முட்டை பொரியவேண்டிய நாள் தாண்டிப் பதினேழாவது நாள். குவாரித் தரையில் நானும் தங்கச்சியும் தொலைநோக்கியோடு நின்றோம். என் கையில் வாக்கி டாக்கி. மேலே உச்சியில் கயிறு தன் கயிற்றைப் பாறையில் கட்டி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது எறும்பு அளவுக்குத் தெரிந்தது. மார்புப் பையில் நீல நூல்காரன். அவர் இறங்க இறங்க, கூட்டில் உட்கார்ந்திருந்த குவாரிப் பாறைக்காரி எழுந்து பறந்தாள். ஒரு வட்டம், இரண்டு வட்டம். அவர் செத்த முட்டையை எடுத்தார், குஞ்சை வைத்தார், பக்கத்தில் ஒரு துண்டு முயல் வைத்தார், மேலே ஏறிப் பாறை இடுக்கில் மறைந்துகொண்டார். எல்லாம் சேர்ந்து ஆறு நிமிஷம்.

அவள் திரும்பி வரவில்லை. கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் பஞ்சு நனைந்து குஞ்சு விறைத்துவிடும். தங்கச்சி தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னால்தானே, எல்லாம் என்னால்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சும்மா இரும்மா என்று அதட்டினேன்.

ஐம்பதாவது நிமிஷம் அவள் வந்து கூட்டு விளிம்பில் உட்கார்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அப்போது குஞ்சு தலையைத் தூக்கிக் கத்த ஆரம்பித்தது பாருங்கள், குவாரி முழுக்க எதிரொலித்தது. தொண்டை கிழியும்போல அப்படி ஒரு கத்தல். வடக்கு மலைக் குஞ்சு. தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம்ம ஊர் ஆளுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி என்று சொன்னாயே என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவளுக்கே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

கையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. மேலே இருந்து பார்ப்பவருக்கு எங்களைவிடக் கிட்டத்தில் தெரியும்.

"ஏம்மா, கேக்குதா?" கயிற்றின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இறைச்சியைக் கிழிக்கிறா. குனியிறா. பாரு, பாரு... நம்ம மக ஊட்டுறா."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவளை மகள் என்று சொன்னார். நான் வாக்கி டாக்கியைத் தங்கச்சியிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே மேற்கே கறுத்த மேகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மழை வருது," என்றாள் கடைசியில். "கயித்தைப் பார்த்து ஏறி வாங்க. வீட்டுல சமைச்சு வெச்சிருக்கேன்."